தார் ரோட்டில் ஒரு உப்புக் கோடு

மரக்காணத்து உப்பளங்களுக்கு லோடு ஏற்ற வருகிற லாரிகளில் செல்வநாதனுடைய வண்டி எது என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. மற்ற வண்டிகள் நம்பர் தெரியாத அளவுக்குச் சேறும் துருவுமாக நிற்கும். அவன் வண்டி மட்டும் நேற்றுத்தான் ஷோரூமிலிருந்து இறக்கியதுபோல் பச்சைப் பசேலென்று நிற்கும். உண்மையில் அது பதினோரு வயது வண்டி. இரண்டு கை மாறி அவனிடம் வந்தது. வந்த நாளிலிருந்து ஆறு வருஷமாக, உப்புக் காலத்தில் ஒரு நாள் தவறாமல் அதைக் கழுவிக்கொண்டிருக்கிறான்.

சாயங்காலம் லோடு இறக்கிவிட்டுத் திரும்பியதும் கால்வாய் மதகுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்துவான். நாற்பது வாளித் தண்ணீர். முன்சக்கரங்களுக்கு எட்டு, பின்சக்கரங்களுக்குப் பன்னிரண்டு, அடிப்பக்கத்துக்குப் பத்து, மீதி மேலுக்கு. தேங்காய் நாரால் தேய்ப்பான். அப்புறம் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்துத் தேதி போட்டு, "கழுவியது, நாற்பது வாளி. கிரீஸ் அடித்தது, ஏழு இடம்" என்று எழுதிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனாலும் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

மற்ற டிரைவர்களுக்கு இது நல்ல கேலிப் பொருள்.

"கழுவனது போதும்பா. அப்படியே ஒரு ஞானஸ்நானமும் குடுத்துடு" என்பான் சிங்காரம். அவனும் உப்பு வண்டிதான் ஓட்டுகிறான். அவன் வண்டியில் ஹாரனைத் தவிர மற்ற எல்லாம் சத்தம் போடும்.

செல்வநாதனுக்குக் கோபம் வராது. அவனுக்குப் பெருமை இரண்டு. ஒன்று இந்த வண்டி. இன்னொன்று தங்கை சகாயமேரி.

சகாயமேரி பிரேக் இன்ஸ்பெக்டர். அரசாங்கத் தாளில் மோட்டார் வாகன ஆய்வாளர் என்று இருக்கும். ரோட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. செல்வநாதனுக்கு அவள் ஒன்பது வயது இளையவள். சின்ன வயதில் அவளை வீட்டில் காணோமென்றால் அம்மா கடற்கரைக்கு ஓடமாட்டாள். உப்பு லாரிகள் வரிசையாக நிற்கிற இடத்துக்குப் போய்க் குனிந்து பார்ப்பாள். ஏதாவது ஒரு வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். "இந்தக் கம்பி ஏன் இங்க வளைஞ்சிருக்குது?", "இந்த நட்டு மட்டும் ஏன் சூடா இருக்குது?" என்று அடியிலிருந்தே கேள்வி வரும். டிரைவர்களுக்குப் பதில் தெரியாது. தெரியாதென்று சொல்ல வெட்கப்பட்டு, "எழுந்து வா புள்ள, எண்ணெ ஒழுவப் போவுது" என்று விரட்டுவார்கள்.

அந்தக் கேள்விகள் அவளை விடவில்லை. பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பிரிவில் அவள் ஒருத்திதான் பெண். படித்து முடித்துப் பாண்டிச்சேரியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தபோது, பில் போடுகிற மேசையில் உட்கார வைத்தார்கள். மற்றவர்கள் சாப்பிடப் போகிற நேரத்தில் வண்டிக்கு அடியில் புகுந்துவிடுவாள். மூன்றாவது மாதம் மேஸ்திரியே, "அந்தப் பொண்ணக் கூப்புடுங்கடா, சத்தம் எங்கேருந்து வருதுன்னு அதுதான் சொல்லும்" என்றார். கனரக வண்டி லைசென்சுக்கு அண்ணன் வண்டியில்தான் ஓட்டிக் காட்டினாள். தேர்வு எழுதி, வேலை கிடைத்து, தர்மபுரிப் பக்கம் போட்டார்கள். தேர்வானவர்களின் பட்டியல் பேப்பரில் வந்த அன்றைக்குச் செல்வநாதன் அவள் பெயர் இருந்த வரியை மட்டும் பிளேடால் வெட்டித் தன் நோட்டின் உள்ளட்டையில் ஒட்டிவைத்தான். நோட்டு தீர்ந்து புது நோட்டு வாங்கும்போதெல்லாம் அந்த வரியும் பெயர்ந்து புது அட்டைக்குப் போகும்.

சொந்த ஊர்ப் பக்கம் வேலைக்குப் போடமாட்டார்கள். ஆனாலும் 2006 ஜூன் மாதத்தில் அவள் மரக்காணத்துக்கு வரும்படி ஆயிற்று.

காரணம் ஒரு விபத்து. சுனாமி அலை வந்துபோன பிறகு உப்பளங்களைச் சரிசெய்து நடந்த இரண்டாவது உப்புக் காலம் அது. மே மாதக் கடைசியில், கூனிமேட்டு வளைவில், உப்பு ஏற்றிப் போன லாரி ஒன்றின் முன் அச்சு அப்படியே கழன்று விலகிவிட்டது. லாரி குப்புறச் சாய்ந்து ஒரு டீக்கடைப் பந்தலை நொறுக்கிற்று. வெள்ளிக்கிழமை நண்பகல், கடைக்காரர் கடையை மூடிவிட்டுத் தொழுகைக்குப் போயிருந்தார். பெஞ்சில் ஒருவரும் இல்லை. டிரைவருக்குக் கால் முறிந்ததோடு போயிற்று. ஆனால் அந்த வண்டிக்கு எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று வாங்கி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. கடற்கரைச் சாலையில் ஒரு மாதத்துக்கு லாரிகளை நிறுத்திச் சோதிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. ஆள் போதாமல் வெளி மாவட்டங்களிலிருந்து வரவழைத்தவர்களில் சகாயமேரியும் ஒருத்தி.

வந்த அன்றைக்கே அண்ணன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

"ஏன் அண்ணா, போன அஞ்சு வருஷத்து ரெக்கார்டப் பார்த்தேன். இங்க உடையுற வண்டியெல்லாம் எஃப்.சி. வாங்கி மூணு மாசம், நாலு மாசத்துல உடையுது. பழைய எஃப்.சி. முடியப் போற வண்டி ஓடிக்கினு இருக்குது. புதுசா வாங்கினது உடையுது. தலைகீழால்ல இருக்குது?"

"எல்லாம் டிரைவருங்க கோளாறு. கழுவறதில்ல, கிரீஸ் அடிக்கறதில்ல."

"கூனிமேட்டு வண்டிய எஃப்.சி.க்கு முன்னாடி மூணு நாள் கழுவினாங்களாமே. பெயிண்டும் அடிச்சிருக்காங்க."

"அப்ப விதி" என்றான் செல்வநாதன்.

"விதி துரு பிடிக்காது அண்ணா" என்று சொல்லிவிட்டு அவள் சாப்பிட உட்கார்ந்தாள்.

சோதனை கூனிமேட்டுப் பக்கம் நடந்தது. ஜீப் டிரைவர் சுப்ராயன் சாலையோரம் வண்டியை நிறுத்துவார். போலீஸ்காரர் கன்னியப்பன் கைகாட்டி லாரியை ஓரம் கட்டுவார். சகாயமேரி காக்கிச் சட்டையின் கையை மடித்துக்கொண்டு, கையகலச் சுத்தியல் ஒன்றோடு அடியில் போவாள். இரும்பு நன்றாக இருந்தால் தட்டும்போது 'ணங்' என்று கேட்கும். பூசி மறைத்திருந்தால் 'தொப்' என்று கேட்கும். தொப் என்ற இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம். வட்டம் விழுந்த வண்டி அதற்கு மேல் ஓடக்கூடாது. முதல் வாரத்திலேயே பதினோரு வண்டிகள் நின்றன.

உப்பள வாசலில் பேச்சு முளைத்துவிட்டது. செல்வநாதன் அந்த வாரம் முழுக்கத் திண்டிவனம் சாலையில் ஓட்டிக்கொண்டிருந்தான். சோதனை நடக்கிற பக்கமே போகவில்லை.

"பார்த்தியா, அண்ணங்காரன் ரூட்ட மாத்திட்டான்" என்றான் சிங்காரம், டீக்கடையில் எல்லோரும் இருக்கும்போது. அவன் வண்டியும் நின்றுபோன பதினொன்றில் ஒன்று. "நம்ம வண்டிக்குத்தான் சுத்தியலு. அவரு வண்டிக்கு சல்யூட்டு."

"லோடு திண்டிவனத்துக்கு. நான் என்னாத்த மாத்தறது?"

"அது சரி, லோடு மேல பழியப் போடு."

செல்வநாதன் டீ கிளாஸைக் கீழே வைத்தான். "திங்கக்கெழம நானே வண்டிய கூனிமேட்டுக்குக் கொண்டாந்து நிறுத்துறேன். எல்லாரும் வாங்க. அது சுத்தியலால தட்டட்டும். கோயில் மணி மாதிரி கேக்கும். கேக்கலன்னா சாவிய அங்கியே கழட்டிக் குடுத்துட்டுப் போயிட்றேன்."

சொன்னது வியாழக்கிழமை. சொல்லும்போது அவனுக்கு அதில் துளி சந்தேகம் இருக்கவில்லை. ஜூன், ஜூலை இரண்டும்தான் உப்புக்கு நல்ல ஓட்டம். அந்த இரண்டு மாதம் சாவியைக் கொடுத்துவிட்டு நின்றால், மழைக்காலத்தில் வீட்டில் உலை வைப்பது கஷ்டம். அதையெல்லாம் யோசித்தா பேசினான்? தன் வண்டியைப் பற்றிப் பேசினான், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோடை மழை ஒரு கால் மணி நேரம் அடித்துவிட்டு ஓய்ந்தது. சாலை கழுவிவிட்டதுபோல் கறுத்துக் கிடந்தது. சனிக்கிழமை காலை எட்டு மணிக்குச் சகாயமேரியின் ஜீப் கடற்கரைச் சாலைக்கு வந்தபோது, அவள் சட்டென்று நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டாள். இறங்கித் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். பத்தடி நடப்பாள், குனிவாள், கையை விரித்துத் தாரின் மேல் வைத்து ஏதோ அளப்பாள், மறுபடி நடப்பாள்.

சுப்ராயன் ஜீப்பை மெல்லப் பின்னால் உருட்டிக்கொண்டே வந்தார். "மேடம், கம்மலு ஏதாவது விழுந்துட்ச்சா?"

"இல்ல சுப்ராயன். கோடு."

"கோடா?"

புதிதாக வாரிய உப்பு ஈரமாக இருக்கும். லாரியில் ஏற்றினால் வழி நெடுக நீர் சொட்டும். வெயில் பட்டதும் சொட்டியது காய்ந்து வெள்ளையாகத் தாரில் நிற்கும். அந்த ஊரில் பிறந்தவர்கள் நாளும் பார்க்கிற சங்கதி. அதனாலேயே யாரும் பார்ப்பதில்லை. மழை பழையதையெல்லாம் துடைத்துவிட்டதால் அன்றைக்குக் காலை போன வண்டிகளின் தடம் மட்டும் தனித்தனியாகத் தெரிந்தது.

அன்று சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்தவள் கை கால்கூடக் கழுவாமல் அண்ணனிடம் சொன்னாள். கண்ணெல்லாம் மின்னியது.

"இடது ஓரமா ஒரு வண்டியோட கோடு போவுது அண்ணா. வேகத்தடை வருது பாரு, அதுக்கு முன்னாடி நாலு விரக்கடை இடது பக்கம் வாங்குது, அப்புறம் தானா நேர் ஆவுது. பஸ் ஸ்டாண்டு கிட்ட அதே நாலு விரக்கடை. ஜங்ஷன்லயும் அதே. எங்கெல்லாம் பிரேக் புடிக்கறானோ அங்கெல்லாம். மத்த வண்டி கோடு எதுவும் அப்படி இல்ல."

செல்வநாதனுக்கும் ஆவல் பிடித்துக்கொண்டது. "பிரேக் ஒரு பக்கமா இழுக்குதா?"

"அது மட்டும் இருந்தா பரவால்ல. முன் ஸ்பிரிங் பட்டையத் தாங்கற பிராக்கெட்டு உளுத்திருந்தா, பிரேக் புடிக்கறப்ப அச்சு நகரும். கூனிமேட்டு வண்டி கதைதான். ஆனா ஒண்ணு அண்ணா, அந்த டிரைவரு நல்ல கை. வண்டி இடது பக்கம் போறதுக்குள்ள வலது கையால இழுத்து நேர் பண்ணிட்றான். வேற யாராவதா இருந்தா இந்நேரம் பள்ளத்துல இருப்பான்."

"யாரா இருக்கும்?"

"அதான் தெரியல. கோட்டு மேலயே போய்ப் பார்க்கணும்னு இருந்தேன். கன்னியப்பன் போன் பண்ணிட்டாரு, வண்டிங்க நிக்குதுன்னு. நாளைக்குத் திண்டிவனத்துல கூட்டம். அதுக்குள்ள கோடு அழிஞ்சிடும்."

செல்வநாதன் நோட்டை எடுத்தான். சனிக்கிழமை காலையில் லோடு ஏற்றிய வண்டிகள் ஒன்பது. ஒவ்வொரு டிரைவர் பெயராகச் சொல்லி, "இவனா? இவனுக்குக் கை சரியில்ல. இவனா? இவன் பிரேக்கே புடிக்கமாட்டான்" என்று கழித்துக்கொண்டே வந்தான். அண்ணனும் தங்கையும் அரை மணி நேரம் பேசியும் ஆள் அகப்படவில்லை. ஒன்பதில் எட்டுப் பேரைக் கழித்தாயிற்று. ஒன்பதாவது தன் பெயர் என்பதால் அதை அவன் எண்ணிக்கையிலேயே சேர்க்கவில்லை.

மறுநாள் முதல் பூசைக்கு முன்னால், விடிந்தும் விடியாததுமாக, கையில் அளவு நாடாவோடு ஜங்ஷனில் போய் நின்றான். தங்கையால் கண்டுபிடிக்க முடியாததைக் கண்டுபிடித்து, பூசை முடிந்து வரும்போது சாதாரணமாகச் சொல்ல வேண்டும் என்று ஆசை.

வண்டிகள் ஓடி அங்கங்கே அழித்திருந்தாலும் இடது ஓரமாக இருந்ததால் கோடு தப்பித்திருந்தது. சொன்னதுபோலவே நாலு விரக்கடை. நாடாவில் இரண்டே முக்கால் அங்குலம். ஜங்ஷனிலிருந்து பின்னோக்கி நடந்தான். பஸ் ஸ்டாண்டில் அளந்தான், வேகத்தடையில் அளந்தான். அளக்க அளக்க வேறொன்று கண்ணில் பட்டது. மற்ற வண்டிகளின் தடம் திட்டுத் திட்டாக, எச்சில் துப்பியதுபோல் கிடந்தது. இந்தக் கோடு மட்டும் பென்சிலால் போட்டதுபோல் மெல்லியதாக இருந்தது. இவ்வளவு ஒழுங்காகச் சொட்ட வேண்டுமானால் தண்ணீர் ஒரே வாயிலிருந்து விழ வேண்டும்.

ஒரே வாய் வைத்த வண்டி ஒன்றை அவனுக்குத் தெரியும். உப்பு நீர் சேசிஸ் மேல் வழியாமல் ரோட்டில் விழட்டும் என்று, போன வருஷம் அவன்தான் தகரத்தை வளைத்துச் சின்னக் குழாய் செய்து, தன் வண்டியின் பின் பலகையில் இடது மூலையில் பொருத்தியிருந்தான்.

'வேற எவனாவது பார்த்துட்டு அதே மாதிரி வெச்சிருப்பான்' என்று சொல்லிக்கொண்டு மேலே நடந்தான். கோடு கடற்கரைச் சாலையை விட்டுக் கோயில் தெருவுக்குள் திரும்பிற்று. அவனும் திரும்பினான். தெருவில் பதினேழாவது வீட்டு வாசலில் கோடு நின்றது. நின்ற இடத்தில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வெள்ளையாகப் பூத்திருந்தது. அதன் மேல் அவன் மனைவி அற்புதமேரி வாளியோடும் துடைப்பத்தோடும் நின்றாள்.

"எங்க போயிட்டு வரீங்க? நேத்து நோட்ட மறந்துட்டேன்னு லோடோட வண்டிய இங்க நிறுத்தினீங்களே, பாருங்க. மூணு வாளி ஊத்தியாச்சு. வெள்ளை போவல."

செல்வநாதன் நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டான்.

பூசையில் அவன் மனம் நிற்கவில்லை. முடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு பிரம்மதேசம் சாலைக்குப் போனான். ஞாயிற்றுக்கிழமை, சாலையில் ஆள் இல்லை. மிதமான வேகத்தில் போய், ஸ்டியரிங்கை இறுக்காமல் விரல்களை மட்டும் மேலே வைத்துக்கொண்டு பிரேக்கை மிதித்தான். வண்டி இடது பக்கம் வாங்கிற்று. அவன் நினைப்பதற்குள் வலது கை ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்துவிட்டது. இரண்டாவது முறை வலது கையைத் தொடைக்குக் கீழே வைத்து அமுக்கிக்கொண்டு மிதித்தான். வண்டி நேராக ஓரத்து மண்ணில் இறங்கி நின்றது. எத்தனை மாதமாக இப்படி? கைக்குத் தெரிந்திருக்கிறது. அவனிடம் சொல்லவில்லை.

அன்று பகல் முழுக்க வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். பெயிண்ட் எங்கும் உரியவில்லை. கீறல்கூட இல்லை. தகரக் குழாயைக் கழற்றிவிட்டால் கோடு இராது. கோடு இல்லையென்றால் யாரும் தேடப்போவதில்லை. நாளைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லலாம். இன்னும் மூன்று வாரத்தில் சகாயம் தர்மபுரிக்குப் போய்விடுவாள். அதற்குப் பிறகு மெதுவாக வெல்டிங் வைத்துக்கொள்ளலாம்.

அற்புதமேரிக்கு அவன் முகமே சொல்லிவிட்டது. "நாளைக்கு அவசியம் போவணுமா? சிங்காரம் கெடக்கறான். நாலு நாள் பேசுவான், அப்புறம் மறந்துடுவான்."

"சிங்காரம் மறந்துடுவான்" என்றான் செல்வநாதன். "கூனிமேட்டு வளைவு மறக்காது. அன்னிக்குப் பெஞ்சுல ஆள் இல்ல. எல்லா நாளும் வெள்ளிக்கெழமையா?"

சகாயமேரி அன்றைக்குத் திண்டிவனத்தில் ஏதோ கூட்டம் என்று போனவள் இருட்டும் நேரத்துக்குத்தான் வந்தாள். திங்கட்கிழமை காலை காபி குடித்துக்கொண்டிருக்கும்போது அண்ணனைப் பார்த்தாள். அவன் காபியையே பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து ஜீப்பில் ஏறிப் போய்விட்டாள்.

ஒன்பது மணிக்குப் பச்சை லாரி காலியாகக் கூனிமேட்டுக்கு வந்து நின்றது. கூப்பிட்டவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள், கூப்பிடாதவர்களும் வந்திருந்தார்கள். பந்தலைப் புதிதாகப் போட்ட டீக்கடைக்காரர் ஷாகுல் ஹமீது அடுப்பை விட்டு வந்து நின்றார். வண்டியின் வாசனையே சோப்பு வாசனையாக இருந்தது.

"மாலை ஒண்ணு வாங்கியாந்திருக்கலாம்" என்றான் சிங்காரம்.

செல்வநாதன் இறங்கித் தங்கையிடம் போனான். எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னான்: "நீ தேடின கோடு என்னுது. நாலு விரக்கடை இல்ல. ரெண்டே முக்கால் இஞ்சு. பார்த்துக்கோ."

அவள் தலையசைத்துவிட்டு அடியில் போனாள். வலது பக்கம் தட்டினாள். ணங். நடுவில் தட்டினாள். ணங். இடது முன்பக்கம் தட்டினாள். தொப். பிறகு வண்டிக்கு அடியிலிருந்து ஒரு கை நீண்டது. உள்ளங்கையில் பழுப்பாக, அடுக்கடுக்காக, சுட்ட அப்பளம்போல ஏதோ இருந்தது. வெளிப்பக்கம் பச்சைப் பெயிண்ட் பளபளவென்று இருந்தது. இரும்பென்று அதில் ஒரு நகக்கனம்கூட மிச்சமில்லை.

செல்வநாதன் அதை வாங்கிப் பார்த்தான். விரலால் அழுத்தினான். பொடியாக உதிர்ந்தது.

அவள் வெளியே வந்தாள். சேசிஸ் இரும்பின் உள்மடிப்பில் விரலை விட்டு எடுத்தாள். விரல் நுனி ஈரமாக இருந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதை நாக்கில் வைத்தாள்.

"அண்ணா, எந்தத் தண்ணியில கழுவுற?"

"கால்வாய்த் தண்ணிதான். மதகாண்ட."

"அது உப்பு."

"உப்பா?" செல்வநாதனுக்கு நிஜமாகவே ஆச்சரியம். "அது சப்புன்னு இருக்குமே."

சுற்றி நின்றவர்களும் ஆமாம் என்றார்கள். நாள் முழுக்கப் பாத்தி நீரிலும் உப்பு அம்பாரத்திலும் புழங்குகிறவர்கள். அந்த நாக்குக்குக் கால்வாய்த் தண்ணீர் சப்பென்றுதான் இருக்கும். வெளியூர்க்காரன் ஒருவன் ஒரு வாய் வைத்தால் துப்பிவிடுவான். அவளும் தர்மபுரிப் பக்கம் இரண்டு வருஷம் கிணற்றுத் தண்ணீர் குடித்த பிறகுதான் அந்த ருசியைக் கண்டுகொள்ள முடிந்தது.

"தினம் நாப்பது வாளி" என்றாள் அவள், யாரிடமோ சொல்வதுபோல். "வெளிய வெயில்ல காஞ்சிடுது. உள் மடிப்புல காயறதில்ல. அங்கியே நின்னு தின்னுது." சட்டென்று நிமிர்ந்து டிரைவர்களைப் பார்த்தாள். "எஃப்.சி.க்கு முன்னாடி நீங்கல்லாம் வண்டிய எங்க கழுவறீங்க?"

"அங்கதான் மேடம்" என்றான் சிங்காரம். இப்போது அவன் குரலில் கேலி இல்லை. "வருஷத்துக்கு ஒரு தபாதான். கழுவி, ஈரத்தோட பெயிண்ட் அடிச்சிடுவோம். அப்பதான் மறுநாளைக்குள்ள கொண்டுபோவ முடியும்."

"உப்புத் தண்ணிய உள்ள வெச்சு மேல பூசி மூடிட்றீங்க. நாலு மாசத்துல உடையுது." அவள் முகத்தில் சோர்வு இல்லை. லாரிக்கு அடியிலிருந்து கேள்வி கேட்ட பிள்ளைக்குப் பதில் கிடைத்ததுபோல் இருந்தது. "கழுவாத வண்டிதான் ரெக்கார்டுல நல்லா ஓடிக்கினு இருக்குது."

"அதத்தான் மேடம் நானும் சொல்றேன். நான் கழுவறதே இல்ல."

"உன் வண்டி வேற காரணத்துக்கு நின்னுது. பிரேக்கே இல்ல."

சிரிப்பு அடங்கியதும் அவள் சோதனை அறிக்கைப் புத்தகத்தைத் திறந்தாள். கன்னியப்பன் பக்கத்தில் வந்து, "மேடம், நான் வேணா எழுதட்டுமா?" என்று மெல்லக் கேட்டார். வேண்டாமென்று தலையசைத்தாள்.

"டிரைவர் பேரு?"

"செல்வநாதன்."

"தகப்பனார் பேரு?"

செல்வநாதன் ஒரு கணம் அவளைப் பார்த்தான். அவள் பேனாவைத் தாளின் மேல் வைத்தபடி காத்திருந்தாள். "இன்னாசி" என்றான். அவள் எழுதிக்கொண்டாள். ஊர், தெரு, கதவு எண் பதினேழு எல்லாவற்றையும் கேட்டாள். அவனும் ஒன்று விடாமல் சொன்னான். கடைசியில் குறிப்பு என்றிருந்த கட்டத்தில் அவள் எழுதியதைத் தலைகீழாகவே படித்தான்: 'ஓட்டுநர் என் உடன்பிறந்த அண்ணன். வாகனத்தைத் தாமாகவே கொண்டுவந்து குறையைச் சொன்னார். எஃப்.சி.யை நிறுத்திவைப்பது குறித்து வேறொரு அதிகாரி ஒரு முறை பார்த்துக் கையெழுத்திட வேண்டுகிறேன்.' அவன் இரண்டு தடவை படித்தான். ஓரிடத்திலும் அடித்தல் திருத்தல் இல்லை.

சாவியைக் கழற்றிக் கொடுத்தான். அவள் கை நீட்டியபடியே இருந்தாள்.

"அந்த நோட்டும் வேணும்."

"நோட்டு எதுக்கு?"

"ஆறு வருஷமா எந்தத் தேதில கழுவின, எத்தினி வாளி, எல்லாம் அதுல இருக்குது. வெறும் வாயால சொன்னா மேல இருக்கறவங்க நம்புவாங்களா? கால்வாய்த் தண்ணி என்னா பண்ணும்னு இத வெச்சுத்தான் எழுதணும். பழைய நோட்டுங்க இருக்குதா?"

"எல்லாம் இருக்குது. டிரங்க் பெட்டில."

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அவள் அட்டையைத் திருப்பினாள். உள்ளட்டையில் மஞ்சளித்துப்போன பேப்பர்த் துண்டில் அவள் பெயர். கொஞ்ச நேரம் பார்த்தாள். மூடி, ரசீதில் 'நோட்டு ஒன்று' என்று எழுதிக் கிழித்துக் கொடுத்தாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டான் செல்வநாதன்.

"காலையில, காபி குடிக்கறப்ப. ஒம்போதாவது ஆளு யாருன்னு நீ கேக்கவே இல்ல பாரு, அப்ப."

கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. ஷாகுல் ஹமீது இரண்டு டீயைக் கொண்டுவந்து லாரியின் பம்பரின் மேல் வைத்துவிட்டுப் போனார். செல்வநாதன் டீயை எடுத்தவன் குடிக்காமல் நின்றான். அவனுக்குள் இன்னொரு கேள்வி ஓடிக்கொண்டிருந்தது.

"ஏன் சகாயம், புது பிராக்கெட்டு போட்டா அந்த ரெண்டே முக்கால் இஞ்சு சுத்தமாப் போயிடுமா? இல்ல, என் கைப் பழக்கத்துக்கு வலது பக்கம் இழுத்துக்கும்னு நெனைக்கறியா?"

அவள் டீயை ஊதிக்கொண்டே யோசித்தாள். "தெரியல அண்ணா. முதல் லோடு ஏத்தற அன்னிக்குச் சொல்லு. லீவு போட்டுட்டு வந்து பின்னாடியே நடந்து பாக்கறேன்."